உருமாறிய பாறையின் கனிமங்களிலிருந்து அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கணிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் களிமண் படிவுகளிலிருந்து உருவான, தகடுதகடாகப் பிரியும் சிஸ்ட் என்ற உருமாறிய பாறைகளை ஆராய்ந்த ஜார்ஜ் பாரோ, ஒரு திசையில் நடக்க நடக்க அப்பாறைகளில் புதுப்புதுக் கனிமங்கள் ஓர் ஒழுங்கோடு தோன்றுவதை 1893இல் பதிவு செய்தார். குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று இன்று நாம் அடுக்கிச் சொல்லும் பாரோ மண்டலங்களுக்கு அதுவே தொடக்கம். அதே ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள பக்கன் பகுதியிலும் ஏறத்தாழ அதே வேதி அமைப்புடைய பாறைகள் உள்ளன. ஆனால் அங்கே கயனைட்டுக்குப் பதிலாக அண்டலுசைட் கிடைக்கிறது. ஒரே வகைக் களிமண்ணிலிருந்து இருவேறு கனிமத் தொகுதிகள் ஏன் உருவாயின என்ற கேள்விக்குக் கனிம வினைகளின் வெப்ப இயக்கவியல் எண்களோடு விடை தருகிறது. அந்த விடையைப் படிப்படியாகப் பெறும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான வேதியியலும் இயற்கை மடக்கை பற்றிய பழக்கமும் இருந்தால் இதைப் பின்தொடரலாம்.

முதல் படி: எந்தக் கனிமங்கள் ஒருங்கே சமநிலையில் இருந்தன என்று தீர்மானித்தல்

கணக்குத் தொடங்குவது கணினியில் அல்ல, நுண்ணோக்கியின் கீழே. தின் செக்‌ஷன் எனப்படும் 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாறைச் சீவலைப் பார்க்கும்போது கண்ணில் படும் எல்லாக் கனிமங்களையும் ஒரே பட்டியலில் எழுதிவிடக் கூடாது. கார்னெட்டின் உள்ளே சிறைப்பட்டுள்ள உட்பொதிவுகள் முந்தைய கட்டத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கார்னெட்டின் விளிம்பை அரித்துக்கொண்டு நிற்கும் பச்சைக் குளோரைட், பாறை குளிர்ந்து மேலே வந்த காலத்தில் நீர் புகுந்ததால் விளைந்ததாக இருக்கலாம். ஒன்றையொன்று நேராகத் தொட்டுக்கொண்டு, எல்லைகளில் வினை நிகழ்ந்த தடயம் இல்லாமல், பாறையின் இலையமைப்போடு பொருந்தி நிற்கும் கனிமங்களையே ஒரு சமநிலைத் தொகுதி என்று கொள்ளலாம்.

இந்தப் படியில் அவசரம் கூடாது. பாரோவின் சில்லிமனைட் மண்டலத்திலேயே ஒரே சீவலில் கயனைட்டும் சில்லிமனைட்டும் சேர்ந்து இருப்பதைக் காணலாம். அவை இரண்டும் சமநிலையில் இருந்தன என்று கருதி, பாறை சரியாக எல்லைக்கோட்டின் மேலேயே நின்றது என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறாகவே முடியும். கயனைட் நேராகச் சில்லிமனைட்டாக மாறுவது அரிது. கயனைட் ஓரிடத்தில் கரைந்து அங்கே மஸ்கோவைட் வளர, வேறோரிடத்தில் பயோடைட்டின் மேல் நுண்ணிய இழைகளாகச் சில்லிமனைட் முளைக்கிறது என்பதை 1969இல் கார்மைக்கேல் எடுத்துக்காட்டினார். மிஞ்சிய கயனைட் கரைந்து முடியாத பழைய எச்சமே.

இரண்டாம் படி: கூறுகளை எண்ணி நிலைமை விதியைப் பொருத்துதல்

கிப்ஸின் நிலைமை விதி இதுதான்: கட்டற்ற மாறிகளின் எண்ணிக்கை = கூறுகளின் எண்ணிக்கை − நிலைமைகளின் எண்ணிக்கை + 2. இங்கே கூறுகள் என்பவை எல்லாக் கனிமங்களின் அமைப்பையும் எழுதப் போதுமான குறைந்தபட்ச வேதிப்பொருள்கள். நிலைமை என்பது ஒவ்வொரு தனிக் கனிமத்தையும், பாறையில் நீர் போன்ற பாய்மம் இருந்தால் அதையும் குறிக்கும். கடைசியில் வரும் 2 என்பது அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் உரியது.

கயனைட், அண்டலுசைட், சில்லிமனைட் ஆகிய மூன்றும் ஒரே அலுமினியம் சிலிக்கேட்டின் மூன்று வடிவங்கள் என்பதால் அங்கே கூறு ஒன்றே. ஒரு கனிமம் மட்டும் இருந்தால் இரண்டு மாறிகளும் கட்டற்றவை. அழுத்தமும் வெப்பநிலையும் அச்சுகளாக உள்ள வரைபடத்தில் அது ஒரு பரப்பு. இரண்டு கனிமங்கள் சேர்ந்து இருந்தால் ஒரு கோடு. மூன்றும் சமநிலையில் இருந்தால் மும்மைப் புள்ளி என்ற ஒரே ஒரு புள்ளி.

நிஜக் களிமண் பாறைக்குப் பொட்டாசியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகளும் நீரும் சேர்ந்த ஆறு கூறுகள் கொண்ட அமைப்பு நல்ல தோராயம். ஸ்டாரோலைட் மண்டலத்துப் பாறையில் குவார்ட்ஸ், மஸ்கோவைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், நீர்ப் பாய்மம் என ஆறு நிலைமைகள் இருந்தால் விடை 2 ஆகிறது. அதாவது அத்தொகுதி வரைபடத்தில் ஒரு பரப்பு முழுவதும் நிலைத்திருக்கும். கயனைட்டும் அதோடு சேர்ந்தால் விடை 1. பாறை ஒரு வினைக்கோட்டின் மேல் நிற்கிறது. இயற்கையில் நாம் தற்செயலாக எடுக்கும் ஒரு பாறை கோட்டில் அல்லாமல் பரப்பில் விழுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால், நிலைமைகளின் எண்ணிக்கை கூறுகளின் எண்ணிக்கையைப் பொதுவாகத் தாண்டாது என்று கோல்ட்ஷ்மிட் 1911இல் ஆஸ்லோ பகுதிப் பாறைகளைக் கொண்டு நிறுவினார். உங்கள் பட்டியல் இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் முதல் படிக்குத் திரும்பிச் சென்று, பிற்காலத்தில் வளர்ந்த கனிமம் ஏதேனும் கலந்துவிட்டதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: கட்டிலா ஆற்றலைக் கணக்கிட்டு எல்லைக்கோடு வரைதல்

ஒரு வினை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கிப்ஸ் கட்டிலா ஆற்றலின் மாற்றம் தீர்மானிக்கிறது. திண்மங்கள் மட்டுமே பங்கேற்கும் வினைக்கு, வெப்பக் கொள்ளளவின் வேறுபாட்டையும் அமுக்கத்தால் கன அளவு சுருங்குவதையும் புறக்கணித்தால், சூத்திரம் மிக எளியது:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்) + (அழுத்தம் × கன அளவு மாற்றம்)

விடை எதிர்மறையாக இருந்தால் விளைபொருள் நிலையானது. நேர்மறையாக இருந்தால் வினைபடுபொருள் நிலையானது. சுழியாக இருந்தால் இரண்டும் சமநிலையில் உள்ளன. வெப்பநிலையைக் கெல்வினில்தான் இட வேண்டும். கன அளவில் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தத்தைப் பாரில் (1 பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்; 1000 பார் 1 கிலோபார்) எடுத்தால் கன அளவை ஜூல்/பார் அலகுக்கு மாற்ற வேண்டும். 10 கன சென்டிமீட்டர் என்பது 1 ஜூல்/பார் ஆகும். இந்தப் பத்தின் மடங்கை மறந்தால் வரும் விடை பார்வைக்கு ஒழுங்காகவே தோன்றும் என்பதால் பிழை எளிதில் பிடிபடாது.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு மோலின் கன அளவு கயனைட்டுக்கு ஏறத்தாழ 44.1, சில்லிமனைட்டுக்கு 49.9, அண்டலுசைட்டுக்கு 51.5 கன சென்டிமீட்டர். மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட கயனைட் உயர் அழுத்தத்தை விரும்பும் என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது. வினை மதிப்புகளாகப் பின்வருவனவற்றை எடுத்துக்கொள்வோம்:

- கயனைட் → அண்டலுசைட்: என்தால்பி மாற்றம் 4300 ஜூல், என்ட்ரோபி மாற்றம் 9.2 ஜூல்/கெல்வின், கன அளவு மாற்றம் 0.74 ஜூல்/பார்.
- கயனைட் → சில்லிமனைட்: 7200 ஜூல், 12.0 ஜூல்/கெல்வின், 0.57 ஜூல்/பார்.
- அண்டலுசைட் → சில்லிமனைட்: முதல் இரண்டின் வேறுபாடு. அதாவது 2900 ஜூல், 2.8 ஜூல்/கெல்வின், −0.17 ஜூல்/பார்.

600 டிகிரி செல்சியஸில், அதாவது 873 கெல்வினில், 5 கிலோபார் அழுத்தத்தில் எது நிலையானது? கயனைட் சில்லிமனைட்டாவதற்கு 7200 − (873 × 12.0) + (5000 × 0.57) = −426 ஜூல். கயனைட் அண்டலுசைட்டாவதற்கு 4300 − (873 × 9.2) + (5000 × 0.74) = −32 ஜூல். மூன்றிலும் சில்லிமனைட்டின் ஆற்றலே மிகக் குறைவு. ஆகவே அதுவே நிலையானது. இதே கணக்கை 550 டிகிரிக்கும் 6 கிலோபாருக்கும் செய்தால் இரண்டு விடைகளும் நேர்மறையாக வரும். அங்கே கயனைட்டே நிலைக்கும்.

எல்லைக்கோடு வரைய இரண்டு எண்கள் போதும். கட்டிலா ஆற்றல் மாற்றத்தைச் சுழியாக்கி, அழுத்தத்தைப் புறக்கணித்தால், கோடு தொடங்கும் வெப்பநிலை கிடைக்கும். கயனைட்–அண்டலுசைட் கோட்டுக்கு அது 4300 ÷ 9.2 = 467 கெல்வின்; கயனைட்–சில்லிமனைட் கோட்டுக்கு 600 கெல்வின். கோட்டின் சரிவைத் தருவது கிளாப்பேரான் சமன்பாடு: என்ட்ரோபி மாற்றத்தைக் கன அளவு மாற்றத்தால் வகுத்தால் அழுத்தம் டிகிரிக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்று தெரியும். முதல் கோட்டுக்கு 12.4, இரண்டாவதற்கு 21, அண்டலுசைட்–சில்லிமனைட் கோட்டுக்கு −16.5 பார்/கெல்வின். மூன்றாவது மட்டும் பின்னோக்கிச் சாய்வதற்குக் காரணம், அண்டலுசைட்டைவிடச் சில்லிமனைட்டுக்கு என்ட்ரோபி அதிகம், ஆனால் கன அளவு குறைவு என்பதே. முதல் இரண்டு கோடுகளையும் வெட்டவிட்டால் மும்மைப் புள்ளி ஏறத்தாழ 518 டிகிரி, 4.0 கிலோபார் என்று வருகிறது. பாறையின் அடர்த்தியைக் கொண்டு 1 கிலோபாருக்கு ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் என்று கொண்டால் அது சுமார் 15 கிலோமீட்டர் ஆழம். பக்கன் பாறைகள் இப்புள்ளிக்குக் கீழான அழுத்தத்தில் சூடேறின. பாரோ மண்டலப் பாறைகள் இதைவிட ஆழத்தில் சூடேறின. முதலில் எழுந்த கேள்விக்கு விடை இந்த வரைபடத்திலேயே இருக்கிறது.

நான்காம் படி: பிழையின் அளவை உணர்தல்

இந்தத் துறையில் நுழையும் ஒருவர் மற்ற எதையும்விட இதை ஆழமாக மனத்தில் கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். மேலே நாம் கண்ட −426 ஜூல் என்பது என்ன? தனிமங்களிலிருந்து ஒரு மோல் அலுமினியம் சிலிக்கேட் உருவாகும் என்தால்பி ஏறத்தாழ −25,90,000 ஜூல். இந்தப் பெரிய எண்கள் இரண்டைக் கழித்துத்தான் சில நூறு ஜூல் வேறுபாட்டைப் பெறுகிறோம். 25 டன் எடையுள்ள லாரியை எடைமேடையில் ஏற்றி, அதில் வைத்த 2 கிலோ அரிசிப் பையின் எடையைக் கண்டுபிடிக்க முயல்வதற்கு நிகரானது, இங்கே 200 ஜூல் வேறுபாட்டைப் பிரித்தறிவது.

அந்த 200 ஜூல் எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்று பாருங்கள். அண்டலுசைட்–சில்லிமனைட் வினையின் என்ட்ரோபி மாற்றம் 2.8 மட்டுமே என்பதால், என்தால்பியில் 200 ஜூல் பிழை எல்லைக்கோட்டை 200 ÷ 2.8, அதாவது 71 டிகிரி நகர்த்திவிடும். மும்மைப் புள்ளியைப் பற்றிப் பல பத்தாண்டுகள் விவாதம் நடந்ததற்கு இதுவே காரணம். ரிச்சர்ட்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1969இல் செய்த சோதனைகள் அதை 622 டிகிரி, 5.5 கிலோபாரில் வைத்தன. ஹோல்டவே 1971இல் 501 டிகிரி, 3.76 கிலோபார் என்றார். ஸ்காட்லாந்தின் பல்லக்கூலிஷ் கருங்கல் ஊடுருவலைச் சுற்றிச் சூடேறிய பாறைகளைக் கொண்டு பேட்டிசன் 1992இல் 550 டிகிரி, 4.5 கிலோபார் என்று வாதிட்டார். ஆகவே ஒரு கட்டுரையிலிருந்து என்தால்பியையும் இன்னொன்றிலிருந்து என்ட்ரோபியையும் எடுத்துக் கலக்காதீர்கள். ஹோலண்ட், பவல் ஆகியோர் தொகுத்தது போல, ஏராளமான சோதனை முடிவுகளோடு ஒருசேரப் பொருத்திச் சரிசெய்யப்பட்ட ஒரே தரவுத் தொகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்துங்கள். அதன் தனித்தனி எண்கள் சற்றே விலகினாலும் வேறுபாடுகள் நம்பத்தக்கவையாக இருக்கும். நமக்குத் தேவை வேறுபாடுகள்தாம்.

ஐந்தாம் படி: நீரைக் கணக்கில் சேர்த்தல்

களிமண் பாறை சூடாகும்போது நிகழும் பெரும்பாலான வினைகள் நீரை வெளியேற்றுபவை. ஒரு மோல் மஸ்கோவைட்டும் ஒரு மோல் குவார்ட்ஸும் சேர்ந்து ஒரு மோல் பொட்டாசிய ஃபெல்ஸ்பாராகவும், ஒரு மோல் அலுமினியம் சிலிக்கேட்டாகவும், ஒரு மோல் நீராகவும் பிரிவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்லாந்தின் ஓரியார்வி பகுதியில் மஸ்கோவைட்டும் குவார்ட்ஸும் இணைந்தே இருக்க, கோல்ட்ஷ்மிட் ஆராய்ந்த ஆஸ்லோ பாறைகளில் அவற்றின் இடத்தில் ஃபெல்ஸ்பாரும் அண்டலுசைட்டும் இருப்பதை எஸ்கோலா 1915இல் கவனித்தார். வேதி அமைப்பு ஒன்றாக இருக்கும்போது கனிமங்கள் வேறுபட்டால், வேறுபட்டது அழுத்தமும் வெப்பநிலையும்தான் என்ற அவருடைய முடிவிலிருந்தே ஒரே அழுத்த–வெப்பநிலை வரம்பில் உருவாகும் கனிமத் தொகுதிகளை ஒரு வகையாகக் கொள்ளும் உருமாற்ற முகங்கள் என்ற கருத்து பிறந்தது.

நீரின் கன அளவு அழுத்தத்தோடு வெகுவாக மாறும் என்பதால் மூன்றாம் படியின் எளிய பெருக்கல் இங்கே செல்லாது. திண்மங்களுக்கு மட்டும் அழுத்தம் × கன அளவு மாற்றம் என்று எழுதி, நீருக்குத் தனியாக, வாயு மாறிலி × வெப்பநிலை × நீரின் ஃபுகாசிட்டியின் மடக்கை என்ற உறுப்பைச் சேர்க்க வேண்டும். ஃபுகாசிட்டி என்பது இலட்சிய வாயுவிலிருந்து விலகுவதற்கேற்பத் திருத்திய அழுத்தம். அதன் மதிப்பை நீரின் நிலைச் சமன்பாட்டிலிருந்தோ அட்டவணையிலிருந்தோ எடுக்கலாம். குறைந்த அழுத்தத்தில் நீர் மிகுந்த இடத்தை அடைப்பதால் வினைக்கோடு படுத்துக் கிடக்கும். அழுத்தம் ஏற ஏற நீர் அடர்ந்து, கோடு செங்குத்தாக நிமிரும்.

பாய்மத்தில் நீரோடு கார்பன் டை ஆக்சைடும் கலந்திருந்தால் நீரின் செயல்படு செறிவு, அதாவது வினையில் உண்மையில் பயன்படும் செறிவு, குறையும். 873 கெல்வினில் அது பாதியாகக் குறைந்தால் கட்டிலா ஆற்றல் 8.314 × 873 × 0.693, அதாவது ஏறத்தாழ 5000 ஜூல் மாறும். வினை பல பத்து டிகிரி முன்னதாகவே தொடங்கிவிடும். சென்னைப் பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னக்கைட் பாறை இதற்குத் தொடர்புடையது. தாமஸ் ஹோலண்ட் என்ற நிலவியலாளர், கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்து அதற்குப் பெயரிட்டார். அதன் அடையாளக் கனிமமான ஆர்த்தோபைராக்சீன் உருவாகும் வழிகளில் ஒன்று, பயோடைட்டும் குவார்ட்ஸும் பிரிந்து ஆர்த்தோபைராக்சீன், பொட்டாசிய ஃபெல்ஸ்பார், நீர் ஆகியவற்றைத் தருவது. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னக்கைட் பிறப்பதைப் பிச்சமுத்து 1960இல் விவரித்தார். சில அடி தொலைவில் வெப்பநிலை மாறியிருக்க முடியாது. நீரின் செயல்படு செறிவு மாறியிருக்கலாம். அதைக் குறைத்தது கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மமா, வேறு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆறாம் படி: திண்மக் கரைசல்களிலிருந்து வெப்பமானி, அழுத்தமானி

ஒரே படிக அமைப்பில் ஒரு தனிமத்தின் இடத்தில் இன்னொன்று அமரக்கூடிய கனிமங்களே திண்மக் கரைசல்கள். அப்படிப்பட்ட கார்னெட்டும் பயோடைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. வெப்பநிலை உயர உயர, கார்னெட் ஒப்பளவில் கூடுதல் மக்னீசியத்தை ஏற்கிறது. ஃபெர்ரி, ஸ்பியர் ஆகியோர் 1978இல் சோதனை மூலம் தந்த சமன்பாட்டை ஜூல், பார், கெல்வின் அலகுகளில் இவ்வாறு எழுதலாம்:

வெப்பநிலை = (52107 + 0.238 × அழுத்தம்) ÷ (19.51 − 24.94 × பகிர்வு மாறிலியின் மடக்கை)

பகிர்வு மாறிலி என்பது கார்னெட்டின் மக்னீசியம்/இரும்பு விகிதத்தைப் பயோடைட்டின் அதே விகிதத்தால் வகுத்தது. கனிமத்தின் நுண்புள்ளியின் அமைப்பை எலக்ட்ரான் கற்றையால் அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் அளவீட்டில் கார்னெட்டின் விகிதம் 0.20, பயோடைட்டின் விகிதம் 1.0 என்று வந்தால் பகிர்வு மாறிலி 0.20, அதன் மடக்கை −1.609. அழுத்தம் 5000 பார் என்றால் 53297 ÷ 59.65 = 893 கெல்வின், அதாவது 620 டிகிரி. அழுத்தத்தை 1 கிலோபார் மாற்றினாலும் விடை 4 டிகிரிதான் நகரும். நல்ல வெப்பமானிக்கு இதுவே இலக்கணம். கால்சியமும் மாங்கனீசும் மிகுந்த கார்னெட்டுக்கு இதை அப்படியே பயன்படுத்தலாகாது.

எந்தப் புள்ளியை அளப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கார்னெட்டும் பயோடைட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், பாறை குளிர்ந்தபோதும் பரிமாற்றம் தொடர்ந்திருக்கும். அங்கே அளந்தால் உச்ச வெப்பநிலை கிடைக்காது. பயோடைட்டைத் தொடாத கார்னெட் விளிம்பையும், கார்னெட்டிலிருந்து விலகி நிற்கும் பயோடைட்டையும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் கார்னெட்டின் குறுக்கே ஒரு வரிசையாக அளந்து மாங்கனீசு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நடுவில் உயர்ந்து ஓரத்தை நோக்கிச் சீராகக் குறைந்தால் வளர்ச்சிக் காலத்து அமைப்பு அழியாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். விளிம்பில் மட்டும் மாங்கனீசு திடீரென ஏறியிருந்தால் கார்னெட் பின்னர் கரைந்திருக்கிறது.

அழுத்தத்துக்குக் கன அளவு பெரிதும் மாறும் வினை வேண்டும். மூன்று மோல் அனார்த்தைட் (பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரின் கால்சியப் பகுதி), ஒரு மோல் கிராசுலாராகவும் (கார்னெட்டின் கால்சியப் பகுதி) இரண்டு மோல் அலுமினியம் சிலிக்கேட்டாகவும் ஒரு மோல் குவார்ட்ஸாகவும் மாறும் வினை அத்தகையது. சில்லிமனைட் இருந்தால் அதில் கன அளவு ஏறத்தாழ 55 கன சென்டிமீட்டர் சுருங்குகிறது. அனார்த்தைட் பிளாஜியோகிளேஸிலும், கிராசுலார் கார்னெட்டிலும் கரைந்துள்ளன என்பதால் இரண்டின் செயல்படு செறிவும் தேவை. கிராசுலாரின் செறிவில் இருமடங்குப் பிழை நேர்ந்தால், 620 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 0.9 கிலோபார் தவறும். அனார்த்தைட்டின் செறிவு மும்மடி அடுக்கில் வருவதால் அங்கே 10 சதவீதப் பிழையே 0.4 கிலோபார் ஆகிவிடும். கார்னெட்டில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால் இந்த அழுத்தமானியை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஏழாம் படி: பாறைக்கென்று தனி நிலைமை வரைபடம்

தனித்தனி வினைகளுக்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட பாறையின் மொத்த வேதி அமைப்பைக் கொடுத்து, ஒவ்வொரு அழுத்த–வெப்பநிலைப் புள்ளியிலும் எந்தத் தொகுதியின் கட்டிலா ஆற்றல் மிகக் குறைவு என்று கணினியைக் கொண்டு வரையலாம். தெர்மோகால்க், பெர்ப்பிள் எக்ஸ், தெரியாக்-டாமினோ ஆகியவை இதற்கு உதவும் மென்பொருள்கள். முதல் படியில் கண்டறிந்த தொகுதி எந்தப் பரப்பில் விழுகிறதோ அதுவே உங்கள் பாறையின் இருப்பிடம். அந்தப் பரப்புக்குள் கார்னெட், பயோடைட் ஆகியவற்றின் கணக்கிட்ட அமைப்புக் கோடுகளை அளந்த மதிப்புகளோடு ஒப்பிட்டால் இடம் மேலும் சுருங்கும்.

மென்பொருள் கேட்ட எண்ணைக் கொடுத்தால் அழகான வரைபடம் எப்போதும் வரும் என்பதால், கொடுக்கும் எண்ணிலேயே எச்சரிக்கை தேவை. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் அளந்த மொத்த அமைப்பு, பெரிய கார்னெட்டுகளின் மையங்களையும் உள்ளடக்கியது. ஆனால் அம்மையங்கள் வெளி உலகத்தோடு வினைபுரியாமல் பூட்டப்பட்டவை. விளிம்பு வளர்ந்த நிலையை அறிய வேண்டுமானால் மையங்களின் அளவைக் கழித்த அமைப்பைப் பயன்படுத்த வேண்டும். இரும்பு முழுவதும் இரு இணைதிற நிலையில் உள்ளது என்று கொள்வதும், நீர் எப்போதும் மிகுதியாக இருந்தது என்று கொள்வதும் தனித்தனி ஊகங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வரைந்து, உங்கள் தொகுதியின் பரப்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

முடிவை எழுதும்போது வெப்பநிலைக்கு ±50 டிகிரியும் அழுத்தத்துக்கு ±1 கிலோபாரும் சாதாரணமான நேர்மையான எல்லைகள். 623 டிகிரி, 5.37 கிலோபார் என்று தசமத்தோடு எழுதாமல், 620 ± 50 டிகிரி, 5 ± 1 கிலோபார் என்று எழுதி, எந்தத் தரவுத் தொகுப்பு, எந்தச் செறிவு மாதிரி, எந்தப் புள்ளிகளின் அளவீடு என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். ஒரே பகுதியின் இரண்டு பாறைகளை ஒப்பிடும்போது மட்டும், இரண்டுக்கும் ஒரே வெப்பமானியையும் ஒரே தரவையும் பயன்படுத்தியிருந்தால், பொதுவான பிழைகள் கழிந்துபோவதால் அவற்றிடையே உள்ள வேறுபாட்டை இதைவிட நெருக்கமான எல்லையில் கூறலாம்.